உரைத்திருத்தியும் அப்பாவின் சொற்களும்

கணினியில் எழுதவும் வெட்டவும் ஒட்டவும் பயன்படும் ‘டெக்ஸ்ட் எடிட்டர்’ என்னும் செயலியைத் தமிழில் ‘உரைத்திருத்தி’ என்கிறார்கள். பிழை திருத்துவதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு தமிழாசிரியைக்கு இதைவிடப் பொருத்தமான கலைச்சொல் வேறென்ன கிடைத்துவிடும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். 2021ஆம் ஆண்டின் மழைக்காலத்திற்குப் பிறகு அந்தச் சொல்லைச் சற்றுத் தயக்கத்துடன்தான் பயன்படுத்துகிறேன்.

என் அப்பா ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் 9,75,000 மலையகத் தமிழரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவு. அந்தப் ‘பிறகு’ 1974இல் வந்தது; ஆளுக்குப் பாதியாக 75,000. அப்பா அந்த ஐந்தேகால் லட்சத்தில் ஒருவராகத் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரங்கள் கிடந்து, நீலகிரிக்கு வந்து சேர்ந்தார். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் இங்கே இருந்தன. ஊர் மாறியது, கொழுந்து மாறவில்லை. சொற்கள் மட்டும் மெல்ல மாறின. அங்கே ‘கங்காணி’, இங்கே ‘மேஸ்திரி’. அங்கே ‘பெரட்டு’, இங்கே ‘மஸ்டர்’.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழைய சொற்களை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. நான் வாங்கியிருந்த பழைய கணினியில், 2006 முதல் மூன்றாண்டுகள், குன்னூரில் அச்சுக்கோப்புக் கடை வைத்திருந்த நண்பர் கொடுத்த ‘பாமினி’ எழுத்துருவைக் கொண்டு ஒற்றை விரலால் தட்டச்சு செய்தார். விசைப்பலகைப் படம் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு. ஒரு நாள் வேலையைப் பதிவதான ‘பேர்’, கொழுந்தின் எடை குறைந்தால் விழும் ‘அரைப்பேர்’. அதிகப்படிக் கொழுந்துக்குக் கையில் கிடைக்கும் ‘கைக்காசு’. ஒப்பந்த வேலையான ‘கொந்தரப்பு’. செடியை வெட்டிவிடும் ‘கவ்வாத்து’. பறிக்கும் உயரத்தைச் சமன் பார்க்கும் ‘மட்டக்கம்பு’. இடுப்பில் கட்டிக்கொள்ளும் ‘படங்கு’. தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச்செல்லும் ‘பிள்ளைக்காம்பரா’. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரிகள், தாம் பேசுகிற தமிழிலேயே எழுதினார்.

2007இல் ஒரு நாள் முதல் சில பக்கங்களை அச்செடுத்து என்னிடம் கொடுத்தார். நான் அப்போது கல்லூரியில் சேர்ந்த புதிது. சிவப்பு மையால் திருத்தினேன். ‘வெளக்கு’ அன்று, ‘விளக்கு’. ‘தொர’ அன்று, ‘துரை’. ‘பொஸ்தகம்’ அன்று, ‘புத்தகம்’. பக்கம் முழுவதும் சிவப்பாயிற்று. அப்பா அதை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். “சரி புள்ள, நீ படிச்சவ” என்றார். அதன்பின் அவர் எழுதிய எதையும் என்னிடம் காட்டவில்லை. 2011இல் இறந்துபோனார்.

*

2020இன் ஊரடங்கில் அலமாரியைச் சுத்தம் செய்தபோது இரண்டு குறுந்தகடுகள் கிடைத்தன. குன்னூரின் ஈரத்தில் ஒன்றின்மேல் பூஞ்சை படர்ந்து, படிக்க இயலாமல் போயிருந்தது. மற்றொன்றில் 37 கோப்புகள் முழுதாக இருந்தன. திறந்தால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரு குவியல்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களின் சூட்சுமம் அதுதான். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தன. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக அடித்தால் திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். கணினியைப் பொறுத்தவரை அது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். தமிழ் என்பது மேலே போர்த்திய துணி. எழுத்துரு இல்லையென்றால் தமிழும் இல்லை. இப்படி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கொரு முறை வைத்திருந்த காலம் அது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. இணையத் தமிழர்கள் திஸ்கி என்ற ஒன்றைத் தங்களுக்குள் கூடி உருவாக்கினர். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள்கூட இத்தகைய பழைய குறியீடுகளைக் கடந்துதான் யூனிகோடுக்கு வந்தன. தமிழக அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது 2010இல்தான்.

இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் கிடைத்தன. முயன்று பார்த்தேன். ‘வெள்ளம்’ எல்லாம் ‘வௌ்ளம்’ ஆகிவந்தது. இந்த விகாரத்தை இணையத்தில் நீங்களும் கண்டிருப்பீர்கள். அதன் காரணம் அப்போது எனக்குத் தெரியாது.

என் முன்னாள் மாணவர் ஒருவர் கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். ஊரடங்கால் அருவங்காட்டிலுள்ள வீட்டுக்குத் திரும்பியிருந்தார். அவரிடம் புலம்பினேன். “அம்மா, நீங்களே மாற்றி எழுதிக்கொள்ளலாம். இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இது எளிது” என்று சொல்லி, என் மடிக்கணினியில் லினக்ஸை நிறுவி, ‘விம்’ என்ற உரைத்திருத்தியைத் திறந்துகாட்டினார்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் பில் ஜாய் 1976இல் எழுதிய ‘வி’யை அடியொற்றி, நெதர்லாந்தின் பிராம் மூலனார் 1991இல் வெளியிட்டது விம். இலவசம்தான், ஆனால் பயன்படுத்துகிறவர்கள் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவும்படி அதன் முகப்புத் திரையிலேயே ஒரு வேண்டுகோள் இருக்கும். 2023 ஆகஸ்டில் மூலனார் மறைந்த செய்தியைப் படித்தபோது, முகம் தெரியாத ஒரு மனிதருக்காக ஒரு கணம் எழுந்து நிற்கத் தோன்றியது.

விம்மில் விசைகள் எழுத்துகளாக அல்லாமல் ஏவல் வினைகளாக இயங்கும். ‘டி’ என்றால் நீக்கு. ‘டபிள்யூ’ என்றால் சொல். இரண்டையும் சேர்த்து அடித்தால் சொல்லை நீக்கு. வினையும் செயப்படுபொருளுமாகச் சிறிய வாக்கியங்கள். தமிழுக்கு மாறாக வினை முதலில் வருகிறது, அவ்வளவே. இந்த வாக்கியங்களைக் கோத்து ஒரு பெயரிட்டுப் பதிவு செய்துவிட்டால் அது ‘மேக்ரோ’. பிறகு பெயரைச் சொல்லி அழைத்தால் போதும். விரல்கள் செய்ததையெல்லாம் கணினி மீண்டும் செய்யும். எத்தனை முறை வேண்டுமானாலும். ‘ஈமேக்ஸ்’ என்ற மற்றொரு புகழ்பெற்ற திருத்தி பிறந்ததே இப்படித்தானாம். 1976இல் எம்.ஐ.டி.யில், ‘டெக்கோ’ என்னும் பழைய திருத்திக்காகப் பலரும் எழுதிவைத்திருந்த மேக்ரோக்களை ரிச்சர்டு ஸ்டால்மனும் கை ஸ்டீலும் ஒழுங்குபடுத்தியதில் உருவானது அது. அதன் பெயரே ‘திருத்தி மேக்ரோக்கள்’ என்பதன் சுருக்கம். அதாவது கருவியைப் பயன்படுத்தியவர்களின் கைப்பழக்கங்கள் சேர்ந்தே ஒரு கருவியாயிற்று.

என் முதல் மேக்ரோ கொம்புக்காக எழுதியது. பாமினியில் ‘கொ’ என்று எழுத, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என்று அடிக்க வேண்டும். யூனிகோடோ ஒலியின் வரிசையைப் பின்பற்றுகிறது. முதலில் ககரம், பின்பு உயிர்க்குறி. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்று தொல்காப்பிய நூன்மரபு சொல்லும் அதே முறை. எனவே கொம்பை எடுத்து அடுத்த எழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். விம்மில் இதற்கு இரண்டே விசைகள்: ‘எக்ஸ்’ நிற்கும் எழுத்தை நீக்கும், ‘பி’ நீக்கியதை அடுத்த எழுத்துக்குப் பின் வைக்கும். கொம்பைத் தேடு, எக்ஸ், பி. இதைப் பதிவு செய்து ஆயிரம் முறை இயக்கச் சொன்னேன். கண்ணிமைப்பதற்குள் முடிந்தது. பார்த்தால் கொம்புகள் யாவும் இரண்டு மூன்று எழுத்துகள் தள்ளிப்போய் நின்றன. தேடல் கோப்பின் முடிவைத் தொட்டதும் மறுபடி தலைப்பிலிருந்து தொடங்கும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. ஒரே கொம்பு மூன்று முறை இடம்பெயர்ந்திருந்தது. “சொன்னதைத்தான் செய்யும் அம்மா, நினைத்ததைச் செய்யாது” என்று தொலைபேசியில் சிரித்தார் மாணவர். மூலக்கோப்பில் ஒருபோதும் எழுதக்கூடாது, நகலில்தான் வேலை செய்ய வேண்டும் என்று அவர் முதல் நாளே கட்டளையிட்டிருந்ததால் தப்பித்தேன்.

மெல்லமெல்ல வசப்பட்டது. விம்மில் செய்துபார்த்துச் சரியென்று தெரிந்தவற்றை ‘செட்’ என்னும் கருவியின் கட்டளைகளாக ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, 37 கோப்புகளையும் ஒவ்வொன்றாக அதன் வழியே செலுத்தும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டை அமைத்தேன். வரிசை முக்கியம். கொம்பும் காலும் சேர்ந்த ஒகரத்தை முதலில் மாற்ற வேண்டும். தனிக் கொம்பைப் பிறகுதான். முறை மாறினால் எகரக் குறியும் காலும் தனித்தனியே நின்று, கண்ணுக்குக் ‘கொ’ போலவே தெரியும். தேடினால் மட்டும் அகப்படாது.

அப்போதுதான் ‘வௌ்ளம்’ வந்த வழியும் புரிந்தது. பாமினியில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. ‘கௌரி’யின் ‘கௌ’வும் ‘வெள்ளம்’ என்பதன் ‘வெள’வும் ஒரே முறையில் அடிக்கப்படுபவை. படிக்கும் மனிதருக்கு ஐயமே எழாது. கணினிக்கு விதி வேண்டும். யோசித்து ஒரு விதி எழுதினேன்: ளகர வடிவத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம், ஏனெனில் ஔகாரத்தின் மேல் புள்ளி வைக்க இயலாது. ஒன்றும் வராவிட்டால் அது ஔகாரம். வெள்ளம், தெளிவு, ஒளி எல்லாம் ஒழுங்காயின. மௌனம், பௌர்ணமி, ஔவை ஆகியனவும் தப்பவில்லை. அன்று இரவு எனக்கு ஏற்பட்ட பெருமிதம், முனைவர் பட்டத்தின்போதுகூட ஏற்பட்டதில்லை.

ஆனால் அப்பாவின் கோப்புகளில் ‘வௌக்கு’ என்று ஒரு சொல் முளைத்திருந்தது. ‘வௌயாட்டு’, ‘ஔறாத’, ‘கௌவி’ என்று மேலும் பல. என் விதி எழுத்துத் தமிழுக்கான விதி. எழுத்துத் தமிழில் எகரத்தையோ ஒகரத்தையோ அடுத்து வெறும் ‘ள’ வருவது அரிது. பேச்சுத் தமிழில் அது தாராளம்: வெளக்கு, வெளயாட்டு, ஒளறாத, கெளவி.

இங்கேதான் நான் தவறினேன். விதியை மாற்றுவதற்குப் பதிலாகச் சொற்களை மாற்றினேன். ‘வௌக்கு’ என்று வந்தால் ‘விளக்கு’ என்று ஆக்கு. கையோடு ‘தொர’ துரையாகட்டும், ‘பொஸ்தகம்’ புத்தகமாகட்டும். அறுபதுக்கும் மேற்பட்ட வரிகளில் ஒரு திருத்தப் பட்டியல். 2007இல் சிவப்பு மையால் பாதியில் நின்ற வேலையை ஸ்கிரிப்ட் ஒரே நொடியில் முடித்துவிட்டது. கோப்புகள் துலக்கிய பாத்திரங்கள்போல் இருந்தன. முதல் பத்துப் பக்கங்களை மட்டும் சரிபார்த்துவிட்டு, அப்பாவின் பத்தாம் ஆண்டு நினைவுக்கு உறவினர்களுக்குக் கொடுக்கச் சிறுநூலாக அச்சிடலாம் என்று முடிவு செய்தேன்.

*

அச்சுக்குக் கொடுக்கும் முன் கோத்தகிரியில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போனேன். அப்பாவின் தங்கை. பதினாறு வயதில் அப்பாவோடு கப்பலேறியவர். எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணன் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். வெளியே மழை விடவில்லை. அடுப்பருகே உட்கார்ந்து வாசித்தேன். சிறிது நேரம் கேட்டுவிட்டு, “இது ஒங்கப்பா எழுதுனதா, நீ எழுதுனதா?” என்றார்.

“அப்பா எழுதியதுதான் அத்தை. எழுத்தை மட்டும் சரிபண்ணியிருக்கேன்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் தொடர்ந்தேன். அப்பா சொற்களை அகரவரிசையில் அடுக்கவில்லை; ஒரு நாளின் வரிசையில் அடுக்கியிருந்தார். விடியலில் பெரட்டு, பிறகு மலை, கொழுந்து, நிறுவை, லயம் என்று நகர்ந்தது. 37ஆம் கோப்பின் கடைசிச் சொல்லை அன்றுதான் நானும் முதன்முறையாகப் பார்த்தேன். வாசித்தேன்:

“விளக்கு. விளக்கு வேற, விளக்கு வேற. லயத்துல நாங்க வச்சிருந்தது விளக்கு, தகர டப்பாவுல திரி போட்டது. பங்களாவுல எரிஞ்சது விளக்கு. எம் மக ரெண்டும் ஒண்ணுங்கிறா. அவ விளக்கு வெளிச்சத்துல படிச்சவ. நான் விளக்கு வெளிச்சத்துல படிச்சவன்.”

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். “என்னடி இது, விளக்கு வேற விளக்கு வேறன்னா? புத்தி பேதலிச்சவன் பேசுற மாதிரியில்ல இருக்கு!” எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்குக் கொடுக்காமல் எழுதிவைத்த பதில் அது. அதையும் நான் திருத்தியிருக்கிறேன்.

முதுகலை மாணவர்களுக்குப் பதிப்பியல் நடத்துகிறவள் நான். ஏட்டுச்சுவடிகளில் புள்ளி இராது; காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது; எகர ஏகாரங்கள் ஒன்றுபோல் இருக்கும். அத்தகைய ஏடுகளோடு போராடித்தான் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஐயம் நேர்ந்த இடத்தில் தம் விருப்பப்படி ஒன்றைத் திணிக்கலாகாது, பாடபேதத்தைக் காட்ட வேண்டும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையின் முன் நின்று சொல்கிறேன். திருத்தக்கதேவருக்குக் கொடுத்த மரியாதையை என் அப்பாவுக்குக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

*

திரும்பி வந்ததும் திருத்தப் பட்டியலை அழித்தேன். மூலக்கோப்புகள் குறுந்தகட்டில் பத்திரமாக இருந்தன. மறுபடி தொடங்கினேன்.

இம்முறை ஸ்கிரிப்ட் எதையும் முடிவு செய்யாது. புள்ளியும் குறியும் இல்லாத ஐயத்துக்குரிய ளகரத்தை அப்படியே விட்டுவிடும். பிறகு ‘கிரெப்’ என்னும் தேடற்கருவி அத்தகைய இடங்களையெல்லாம் கோப்பின் பெயரோடும் வரி எண்ணோடும் பட்டியலிடும். விம்மில் இரண்டு மேக்ரோக்கள். ஒன்று இந்த இடத்தை ளகரமாக உறுதி செய்து அடுத்த இடத்துக்கு நகரும். மற்றொன்று ஔகாரமாக்கி நகரும். கணினி என்னை ஒவ்வொரு இடத்துக்கும் அழைத்துச்செல்லும். வரியைப் படித்துத் தீர்மானிப்பது என் வேலை. முந்நூறுக்குச் சற்று மேற்பட்ட இடங்கள், நான்கு இரவுகள். ஒரு நொடியில் முடிந்த வேலையை நான்கு இரவாக நீட்டியதுதான் நான் எழுதிய மேக்ரோக்களிலேயே பயனுள்ளது.

அவற்றுள் ஓரிடத்தில் மட்டும் விழித்து நின்றேன். ‘கெளவி மல’ என்று ஒரு மலைப்பகுதியின் பெயர். அங்கே அட்டைகள் அதிகம் என்று எழுதியிருந்தார் அப்பா. அட்டை கௌவிப் பிடிப்பதால் ‘கௌவி மல’யா, கிழவியைக் குறிக்கும் ‘கெளவி மல’யா? இரண்டுக்கும் விசைகள் ஒன்றே. எந்த அகராதியும் உதவாது. அத்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். சொல்லை நான் உச்சரித்தால் அதையே அவரும் திருப்பிச் சொல்லிவிடக்கூடும் என்பதால், அட்டை நிறைய இருந்த அந்த மலைக்கு என்ன பேர் என்று மட்டும் கேட்டேன்.

“கெளவி மலதான். மேல ஒரு பாற இருக்கும், கெளவி மூஞ்சி மாதிரியே.”

ளகரம் தெளிவாகக் கேட்டது. விசையை அழுத்தினேன். எழுத்தில் கரைந்துபோன வேறுபாடு ஒரு கிழவியின் நாவில் அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டு என்றால் கேட்டிருக்க முடியாது. 2022 தையில் அத்தையும் போய்விட்டார்.

கடைசியாக ஒரு சிறு வேலை இருந்தது. சொற்களுக்கு ஓர் அகரவரிசைப் பட்டியல். ‘சார்ட்’ என்ற கட்டளையைக் குறியீட்டு எண்களின்படி அடுக்கவிட்டால், யூனிகோடின் வரிசையில் ழகரம் வகரத்துக்கு முன்னும், றகரம் ரகரத்தை அடுத்தும், ககர மெய் கௌவுக்கும் பின்னும் வந்து நிற்கின்றன. அதற்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி நம் நெடுங்கணக்கின் வரிசைக்குக் கொண்டுவந்தேன். ஆனால் அதை நூலின் இறுதியில் பட்டியலாக மட்டுமே சேர்த்தேன். நூல் அப்பா வைத்த வரிசையிலேயே செல்கிறது. பெரட்டில் தொடங்கி வெளக்கில் முடிகிறது.

உங்கள் வீட்டிலும் இத்தகைய தகடுகள் இருக்கலாம். பூஞ்சை பிடிக்கும் முன் நகலெடுத்துவிடுங்கள். எழுத்துருவின் பெயரை எங்காவது குறித்துவையுங்கள். மூலத்தில் கைவைக்காதீர்கள். மேக்ரோ எழுதக் கற்பது நாம் அஞ்சுகிற அளவுக்குக் கடினமன்று. இலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு வாரம் போதும். எதை எழுதாமல் விடுவது என்பதற்குத்தான் எனக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

அப்பாவின் அந்தக் கடைசிப் பதிவு இப்போது இப்படி இருக்கிறது:

“வெளக்கு. வெளக்கு வேற, விளக்கு வேற. லயத்துல நாங்க வச்சிருந்தது வெளக்கு, தகர டப்பாவுல திரி போட்டது. பங்களாவுல எரிஞ்சது விளக்கு. எம் மக ரெண்டும் ஒண்ணுங்கிறா. அவ விளக்கு வெளிச்சத்துல படிச்சவ. நான் வெளக்கு வெளிச்சத்துல படிச்சவன்.”